கடிவாளம் பிடிக்கும் கை முதலில் கற்க வேண்டியது

தமிழ்ப் பத்திரிகைத் தலைப்புகளில் அடிக்கடி இடம்பெறும் சொற்களில் ஒன்று 'கடிவாளம்'. விலைவாசி உயர்வுக்குக் கடிவாளம், ஊழலுக்குக் கடிவாளம், நிறைவேற்று அதிகாரத்துக்குக் கடிவாளம் என்று எழுதாத செய்தி ஆசிரியர் எவரும் இருக்கமாட்டார். எமது மொழி வழக்கில் கடிவாளம் என்றால் தடுப்பது, அடக்குவது, இழுத்துப் பிடிப்பது. ஆனால், குதிரையைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாகச் சிந்தித்து வந்திருக்கும் ஒரு கலை இந்தச் சொல்லை முற்றிலும் வேறு விதமாக விளங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவின் டிரெஸாஜ் குதிரையேற்றமே அது. அண்மைய வருடங்களில் கடுமையான விமர்சனங்களுக்கு உள்ளாகியிருக்கும் அந்தக் கலை பற்றி, குறிப்பாக அதில் கடிவாள வாரைப் பிடிக்கவும் குதிரையைத் திருப்பவும் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பது பற்றி எனது அபிப்பிராயத்தைக் கூற விரும்புகிறேன்.

பழக்குதல், பயிற்றுதல் என்ற பொருளைத் தரும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து பிறந்தது டிரெஸாஜ். 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு மணற்களம். அதன் ஓரங்களில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்ட பலகைகள். ஓர் எழுத்தில் இருந்து இன்னொரு எழுத்துக்கு வட்டமாகவும் நேர்கோடாகவும் வளைவாகவும் நடையை மாற்றி மாற்றிச் செல்லும் ஒரு குதிரை. பார்ப்பவருக்கு வெளிப்படையாகத் தெரிவது இவ்வளவுதான். இராணுவக் குதிரைப்படையின் பயிற்சி மரபுகளோடு நெருங்கிய தொடர்புடைய இந்தக் கலை 1912 ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஒரு விளையாட்டாக இடம்பெற்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் வரை இராணுவ அதிகாரிகளுக்கு மாத்திரமே அதில் பங்கேற்க அனுமதி இருந்தது. இன்று ஆண்களும் பெண்களும் ஒரே களத்தில் நேருக்கு நேர் போட்டியிடும் மிகச்சில ஒலிம்பிக் விளையாட்டுக்களில் அதுவும் ஒன்று.

வாரின் மறுமுனையில் இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பற்களே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அந்த இடைவெளியில், நாக்கின் மீது கிடக்கிறது. அங்கு எலும்பை மூடியிருப்பது மிகவும் மெல்லிய சவ்வு மாத்திரமே. 500 கிலோ கிராமுக்கும் கூடுதலான எடைகொண்ட விலங்கொன்றின் மிகவும் மென்மையான இடங்களில் ஒன்றை மனிதன் தனது கைப்பிடிக்குத் தெரிவு செய்திருக்கிறான். ஓட்டுநரின் கையில் ஏற்படும் சிறிய அதிர்வும் அந்த வாய்க்குப் போய்ச் சேரும். அவர் சமநிலை தவறித் தடுமாறும் ஒவ்வொரு தடவையும் வாரையே பற்றிப் பிடித்தால் அந்தத் தடுமாற்றத்தின் விலையைக் குதிரையின் நாக்கும் தாடையும்தான் செலுத்த வேண்டும்.

ஆகவே, வார் கற்பவரின் கையில் எப்போது கொடுக்கப்பட வேண்டும் என்பது பயிற்சி முறை பற்றிய ஒரு சிறிய விவகாரம் அல்ல. அது ஒரு நியாயம் சம்பந்தப்பட்ட கேள்வி. தன்னைத்தானே தாங்கிக்கொண்டு இருக்கத் தெரியாத ஒருவருக்கு இன்னோர் உயிரின் வாயைக் கையளிக்கக்கூடாது என்பதே எனது நிலைப்பாடு.

இந்தக் கருத்து எனக்குப் புத்தகங்களில் இருந்து மாத்திரம் வரவில்லை. ஜேர்மனியில் வசிக்கும் எனது தங்கையின் குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்தபோது, மருமகள் குதிரையேற்றம் பழகும் இடத்துக்கும் போயிருந்தேன். மைதானத்தின் நடுவில் ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். அவரது கையில் இருந்து சென்ற நீண்ட கயிறு குதிரையின் தலையில் பிணைக்கப்பட்டிருந்தது. மருமகள் வாரும் இல்லாமல், அங்கவடியில் கால்களும் வைக்காமல், கைகளை இருபுறமும் விரித்தபடி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு காசைக் குடுத்து பிள்ளையைக் கயிற்றில கட்டினமாதிரிச் சுத்தவிடினம். மூண்டு மாசமாச்சு, இன்னும் கடிவாளத்தைக் கையில குடுக்கேல்லை" என்று முறைப்பட்டாள். பயிற்சி முடிந்து வந்த மருமகளிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "வாரைத் தந்தா, விழாமல் இருக்கிறதுக்கு நான் அதைத்தான் பிடிச்சு இழுப்பன் மாமா. குதிரைக்கு வாய் நோகும். அது தேவையில்லாமப் போனாப் பிறகுதான் தருவினமாம்" என்று அவள் சொன்னாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த இந்த விளக்கம் குதிரையோடு புழங்கும் சகலருக்கும் இருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை ஏற்பட்டிருக்காது.

அந்த ஆசிரியை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளி 16 ஆம் நூற்றாண்டில் இருந்து தொடர்ந்துவரும் ஒரு நிறுவனம். 2015 ஆம் ஆண்டில் அதன் கலை மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அங்கு பயிற்சிக்குச் சேரும் இளைஞர்கள் ஆரம்பத்தில் நீண்ட காலத்துக்கு வாரும் அங்கவடியும் இன்றிக் கயிற்று வட்டத்திலேயே பழகுகிறார்கள். முதிர்ந்த, நன்கு பழகிய லிப்பிசானர் குதிரைதான் அவர்களின் ஆசான். அனுபவம் மிகுந்த ஓட்டுநர் இளங்குதிரைக்குக் கற்பிப்பார்; அனுபவம் மிகுந்த குதிரை இளம் ஓட்டுநருக்குக் கற்பிக்கும். தெரியாதவனையும் தெரியாத குதிரையையும் ஒன்றுசேர்க்கக்கூடாது என்ற எளிமையான ஞானம் அது.

அந்த வட்டத்தில் உடல் கற்றுக்கொள்வது என்ன? மெதுநடையில் குதிரையின் தலை ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னுமாக அசைகிறது. வாரைப் பிடித்திருக்கும் கை அந்த அசைவோடு கூடவே போய் வரவேண்டும். ட்ரொட் எனப்படும் துள்ளுநடையில் நிலைமை தலைகீழானது. தலை ஏறக்குறைய நிலையாக இருக்க, ஓட்டுநரின் உடல்தான் மேலும் கீழுமாக எழும்புகிறது. உடல் எழும்பும்போது கையும் சேர்ந்து எழும்பினால் ஒவ்வோர் அடிக்கும் கடிவாளம் வாயில் இடிக்கும். கையை அசையாமல் வைத்திருக்கவேண்டுமானால் தோளும் முழங்கையும் இறுக்கமின்றி இயங்கவேண்டும். அதற்கு இடுப்பு நிலையாகச் சேணத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அதாவது மென்மையான கை என்பது நல்ல இருக்கையின் விளைவு. "கையை மென்மையாக வை" என்று ஆசிரியர் நூறு தடவை கத்துவதால் அது வந்துவிடாது.

குதிரையைத் திருப்பும் விடயத்திலும் இதே உண்மைதான். இடப்பக்கம் போகவேண்டுமானால் இடது வாரை இழுக்கவேண்டும் என்றே புதியவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். துவிச்சக்கர வண்டியின் கைபிடியைத் திருப்புவது போன்றது என்ற எண்ணம். ஆனால், குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்கள் தசைகளினால் மாத்திரமே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. இடது வாரை மட்டும் இழுத்தால் கழுத்து இடப்பக்கம் வளையும்; தோளோ வலப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். முகம் ஒரு திசையிலும் கால்கள் வேறு திசையிலுமாக குதிரை செல்லும் காட்சியைப் பயிற்சி மைதானங்களில் சாதாரணமாகக் காணலாம்.

திருப்பம் ஓட்டுநரின் பார்வையில் ஆரம்பிக்கிறது. எங்கு போகவேண்டுமோ அங்கு பார்க்கும்போது தோளும் இடுப்பும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்புகின்றன. எடை மெல்ல உட்பக்கத்துக்கு மாறுகிறது. உட்பக்கத்துக் கால் குதிரையின் விலாவைத் தொட்டு வளையச் சொல்கிறது. வெளிப்பக்கத்துக் கால் சற்றுப் பின்னால் இருந்து இடுப்பு விலகிப் போகாமல் காவல் செய்கிறது. வெளிப்பக்கத்து வார் தோளுக்கு எல்லை வகுக்கிறது. எல்லோரும் இழுக்க நினைக்கும் உட்பக்கத்து வாருக்கு வழியைச் சுட்டிக்காட்டும் சிறிய வேலை மாத்திரமே மிஞ்சுகிறது.

கையை விட உடலே பெரிது என்பதற்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெலை விடச் சிறந்த சாட்சி இல்லை. 1944 ஆம் ஆண்டில் இளம்பிள்ளைவாத நோய் அவரது முழங்கால்களுக்குக் கீழே இயக்கத்தைப் பறித்துவிட்டது. குதிரையில் ஏறி அமர்வதற்கே பிறரின் உதவி வேண்டியிருந்தது. பெண்களுக்கு முதன்முறையாக அனுமதி வழங்கப்பட்ட 1952 ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற தனது குதிரையுடன் பங்கேற்று வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 இலும் அதையே மீண்டும் சாதித்தார். கீழ்க்கால்கள் செயலிழந்த ஒரு பெண் தனது இருக்கையாலும் எடையின் நுட்பமான மாற்றங்களாலும் குதிரையோடு பேசியிருக்கிறார். இரண்டு கால்களும் வலுவாக இருப்பவர்கள் வாரை இழுப்பதற்கு என்ன சமாதானம் சொல்லமுடியும்?

இங்கு ஒரு தவறான விளக்கத்துக்கு இடமளிக்கக்கூடாது. வாரைத் தொங்கவிடுவதுதான் கருணை என்று நான் சொல்லவரவில்லை. தொங்கும் வாரைத் திடீரென்று இழுக்கும்போது குதிரைக்கு முன்னறிவித்தல் எதுவும் கிடைப்பதில்லை. நிலையான, இலேசான தொடர்பே அதற்கு நம்பிக்கையைத் தருகிறது. ஜேர்மன் பயிற்சி முறையின் ஆறு படிகளில் மூன்றாவதாக வரும் இந்தத் தொடர்பை அவர்கள் 'அன்லேனுங்' என்று அழைக்கிறார்கள். சாய்ந்துகொள்ளுதல் என்பது அதன் நேர்ப்பொருள். சாய்ந்துகொள்வது குதிரை. பின்னங்கால்களில் பிறக்கும் உந்துதல் முதுகின் வழியாகக் கழுத்தைக் கடந்துவர, குதிரை தானாகவே கடிவாளத்தைத் தேடி முன்னே நீள்கிறது. கை அதை ஏற்றுக்கொள்கிறது. இந்தத் தொடர்புக்கு முன்னதாகச் சீரான நடையும் தசைகளின் தளர்ச்சியும் முதல் இரண்டு படிகளாக வைக்கப்பட்டிருப்பது தற்செயலானதல்ல.

தொடர்பு உண்மையானதா என்பதைக் கண்டறிய எளிமையான ஒரு சோதனையும் இருக்கிறது. ஓட்டுநர் விரல்களைத் தளர்த்தி வாரை மெதுவாக நீளவிட வேண்டும். நன்றாகப் பழக்கப்பட்ட குதிரை நடையின் தாளம் மாறாமல் கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டிக் கடிவாளத்தைப் பின்தொடரும். பிடித்து வைக்கப்பட்டிருந்த குதிரையோ தலையைத் தூக்கும், அல்லது தப்பினோம் என்று விரையும்.

இவ்வளவு தெளிவான மரபு இருந்தும் ஏன் பின்பற்றப்படுவதில்லை? முதற்காரணம் பொருளாதாரம். கயிற்று வட்டத்தில் ஒரு குதிரைக்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவர். குழு வகுப்பிலோ ஓர் ஆசிரியர் ஆறேழு பேரிடம் கட்டணம் பெறமுடியும். முதல் வாரத்திலேயே வாரைப் பிடித்து 'ஓட்டும்' பிள்ளையைப் பார்க்கும் பெற்றோருக்கும் திருப்தி. அந்தத் திருப்தியின் செலவைக் குதிரை ஏற்கிறது. வார் இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. ஆனால், கயிறு ஆசிரியரின் கையில் இருக்கும்போது குதிரையை நிறுத்தும் பொறுப்பு அவருடையது. தடுமாறும் பிள்ளை பிடித்துக்கொள்ள குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி போதும்.

இரண்டாவது காரணம் மேல்மட்டத்தில் இருக்கிறது. குதிரையின் மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கவேண்டும் என்றே சர்வதேச குதிரையேற்ற சம்மேளனத்தின் விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால், தாடை மார்பை நோக்கி மடக்கப்பட்ட குதிரைகள் பெரிய அரங்குகளில் உயர்ந்த புள்ளிகளைப் பெற்றுவந்திருக்கின்றன. கழுத்தைப் பலவந்தமாக மடக்கும் 'ரோல்கூர்' முறைக்கு எதிராகக் கிளம்பிய கண்டனங்களை அடுத்து, 2010 பெப்ரவரியில் லோசான் நகரில் கூடிய சம்மேளனம் பலவந்தத்தின் மூலமான மடக்கலை ஏற்கமுடியாது என்று அறிவித்தது. பலவந்தம் இல்லாத மடக்கலுக்கு அதே அறிவிப்பில் இடமும் விட்டுவைத்தது. இரண்டுக்கும் இடையிலான கோட்டை யார் வரைவது என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. மூக்குப்பட்டியின் இறுக்கத்தை அளப்பதற்குப் பொதுவான ஒரு கருவி 2025 ஆம் ஆண்டில்தான் சம்மேளனத்தின் போட்டிகளில் நடைமுறைக்கு வந்தது. இறுக்கிக் கட்டப்பட்ட வாய் திறக்காது. திறக்காத வாயைத் திருப்தியான வாய் என்று நடுவர்கள் எண்ணிவிடக்கூடும் என்பதே அதன் பின்னணி.

உலகம் இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2021 ஆம் ஆண்டு டோக்கியோவில் நவீன ஐந்திறன் போட்டியின்போது, சற்று முன்னர் அறிமுகமான குதிரையோடு களமிறங்கிய வீராங்கனை அழுதபடியே அதைச் சாட்டையால் அடித்த காட்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. 2024 பரிஸ் ஒலிம்பிக்குக்குப் பின்னர் அந்தப் போட்டியில் குதிரைக்கே இடமில்லாமல் போய்விட்டது. டிரெஸாஜுக்கும் அந்தக் கதி நேராது என்று எவரும் உத்தரவாதம் தரமுடியாது.

அதைத் தவிர்ப்பதற்குப் புதிய சட்டங்களை விட, ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை மதிப்பதே போதுமானது. பயிற்சிப் பள்ளிகள் வாரைக் கொடுக்கும் நாளை மாணவரின் இருக்கையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வாரை நீளவிடும் சோதனைக்கு எல்லா மட்டப் போட்டிகளிலும் கூடுதல் புள்ளிகள் ஒதுக்கப்பட வேண்டும். மடங்கிய கழுத்துக்குப் புள்ளி குறைக்கும் துணிச்சல் நடுவர்களுக்கு வேண்டும். புலம்பெயர் நாடுகளில் பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் எமது பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "எப்போது கடிவாளத்தைக் கொடுப்பீர்கள்?" என்று ஆசிரியரை அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாளே கொடுத்துவிட்டால், ஏன் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.