"மின்கசிவு" என்று எழுதி முடித்துவிட்டால் போதுமா?

திண்டுக்கல் திருச்சி ரோட்டில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி தீப்பிடித்தது 2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி இரவு.

கீழ்த்தளத்தில் தீ. மேல்மாடிகளில் புகை. எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. தப்பிக்க நினைத்து லிப்டில் ஏறியவர்கள் அதற்குள்ளேயே சிக்கி மயங்கி விழுந்தார்கள். ஒரு சிறுமி உள்பட குறைந்தது 6 பேர் பலி! மற்ற நோயாளிகளை மீட்டு, ஆம்புலன்சுகளில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

காரணம் மின்கசிவாக இருக்கலாம் என்று முதல்கட்ட விசாரணையில் சொல்லப்பட்டது.

அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 12-ந் தேதி அதிகாலையில், பக்கத்து மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்தது. அறை முழுக்கப் புகை. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை. அங்கேயும் மின்கசிவு என்றுதான் சொன்னார்கள். 2022 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் பிரிட்ஜ் வெடித்து 3 பேர் செத்தார்கள். அதற்கும் அதே வார்த்தை.

இந்த வார்த்தை ரொம்ப வசதியான வார்த்தை. இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்பது போல ஒரு சத்தம் அதில் இருக்கிறது. கேட்டவுடன் "என்ன செய்யறது, விதி" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்துபோகிறார்கள். கரண்டு தானாகவா கசிகிறது? யாரோ ஒருவர் முறுக்கிவிட்ட இணைப்பு தளர்ந்திருக்கும். ஒயரின் தோல் காய்ந்து வெடித்திருக்கும். எலி கடித்திருக்கும். தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு பளு ஏறியிருக்கும். ஒன்றுகூட ஒரே ராத்திரியில் நடப்பது கிடையாது. வருஷக்கணக்கில் நடக்கிறது.

நோட்டீஸ் கொடுக்கும் ஒயர்

சுவிட்சுப் பெட்டி ஓரம் பழுப்பு ஏறுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் கை சுடுகிறது. பக்கத்து அறையில் மோட்டார் போட்டால் இங்கே பல்பு மங்குகிறது. கிரைண்டரைத் தொட்டால் "சுர்ர்" என்கிறது. மீன் நாற்றம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வாடை வந்து வந்து போகிறது. இதெல்லாம் ஒயர் கொடுக்கும் நோட்டீஸ். வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? "செருப்பு போட்டுக்கிட்டு கிரைண்டரைத் தொடு" என்கிறார்கள். பியூஸ் அடிக்கடி போனால், ஒரு இழை போட வேண்டிய இடத்தில் மூன்று இழையை முறுக்கிப் போடுகிறார்கள். பியூஸ் போவது நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு சூடேறுவது சுவருக்குள் இருக்கும் ஒயர்.

கணக்கு லேசானதுதான். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்பியர். இஸ்திரிப் பெட்டி 4-க்கு மேல். மூன்றும் காலை ஏழு மணிக்கு ஒன்றாக ஓடினால் 20 ஆம்பியரைத் தாண்டுகிறது. நாகல் நகரிலும் பேகம்பூரிலும் மலைக்கோட்டையைச் சுற்றிய பழைய தெருக்களிலும் நாற்பது ஐம்பது வருஷத்து வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாலு பல்பு, இரண்டு பேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்த காலம் அது.

அதன்பிறகு வீட்டுக்குள் என்னென்ன வந்தது! 2006-ல் வந்த ஆட்சி இலவசமாக கலர் டி.வி. கொடுத்தது. 2011-ல் வந்த ஆட்சி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பிறகு ஜனங்களே தவணையில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. வாங்கினார்கள். எல்லாம் நல்லதுதான், அம்மிக்கல்லுக்குத் திரும்பிப்போக யாரும் சொல்லவில்லை. ஆனால் சாமான் மட்டும்தான் புதுசு. சுவருக்குள் இருப்பது அதே பழைய ஒயர். ஒரு பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அந்தப் பெட்டியில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பெட்டி என்று வீடு ஓடுகிறது.

திண்டுக்கல் பூட்டு ஊர். மாங்காய்ப் பூட்டைக் கள்ளச்சாவி போட்டுத் திறக்க முடியாது என்று பெருமை பேசுகிற ஊர். 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. வாசலுக்கு அப்படிப்பட்ட பூட்டைப் போடுகிறவர், மீட்டர் பெட்டி மூடி உடைந்து கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே போகிறார்!

ஆயுத பூஜை அன்று கடைக்காரர்கள் மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிறவர் நூற்றில் ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

பியூஸ் ஆளைக் காப்பாற்றாது

ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. பியூஸ், எம்.சி.பி. இரண்டும் ஒயரைக் காப்பாற்றத்தான். ஆளைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனிதன் சாவதற்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஈரக் கையோடு பழுதான ஹீட்டரைத் தொட்டவர் துடித்துக்கொண்டிருப்பார். எம்.சி.பி. விழாது.

அதற்கென்று இருப்பது ஆர்.சி.டி. என்ற கருவி. இ.எல்.சி.பி. என்றும் கடைகளில் சொல்கிறார்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது சதா பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அதாவது அந்தக் கரண்டு யார் உடம்பு வழியாகவோ பூமிக்குள் போகிறது என்று தெரிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே வீட்டு இணைப்புகளுக்கு இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? பழைய வீட்டில் இதை மாட்டினால் அடிக்கடி விழுகிறது. ஏன் விழுகிறது? ஒயரில் எங்கேயோ கசிவு இருக்கிறது, அதனால் விழுகிறது. எந்த ஒயர் என்று தேடிப் பிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "இது சும்மா சும்மா விழுதுங்க" என்று சொல்லி கருவியைக் கழற்றி வைத்து, கரண்டை நேராகக் கொடுத்துவிட்டுப் போகிறார் எலக்ட்ரீஷியன். வீட்டுக்காரருக்கும் திருப்தி. குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற கதை.

எர்த் விஷயமும் இப்படித்தான். வீடு கட்டும்போது கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்தார்கள். பிறகு வாசலுக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். குழி எங்கே என்று இன்று யாருக்கும் தெரியாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். மழை நாளில், சர்வீஸ் ஒயர் வருகிற இரும்புக் குழாயில் துணிக்கொடிக் கம்பியைக் கட்டி, ஈரத்துணி காயப்போட்ட பெண்கள் ஷாக் அடித்துச் செத்த செய்தி தமிழ்நாட்டில் எத்தனை முறை வந்திருக்கிறது! நாடு முழுக்க மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள்.

1956-லேயே இருந்த விதி

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 46-வது விதி என்ன சொன்னது? கரண்டு கொடுத்த ஒவ்வொரு இடத்தின் ஒயரிங்கையும் 5 ஆண்டுக்கு மேல் போகாமல் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றது. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் புது ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. 2023-ல் அதற்கும் பதிலாக இன்னொன்று வந்தது. பெரிய ஆலை, உயர் அழுத்த இணைப்பு என்றால் மின் ஆய்வாளர் வருகிறார். வீடு, சின்னக் கடை என்றால், சோதித்துச் சான்று சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் சொந்தக்காரர் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது.

அந்தச் சொந்தக்காரருக்கு இப்படி ஒரு பொறுப்பு இருப்பதே தெரியாது! புது இணைப்பு வாங்கும்போது லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று கொடுத்ததோடு சரி. அதன்பிறகு முப்பது வருஷம் ஆனாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வருகிறார். அவர் பார்ப்பது எண்ணை மட்டும்.

வெளிநாட்டில் எப்படி? ஜப்பானில் 4 ஆண்டுக்கு ஒருமுறை வீடு தேடி வந்து சோதிக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் காசு வாங்குவதில்லை. இங்கிலாந்தில் 2020-ல் சட்டம் போட்டார்கள். வாடகைக்கு விடுகிற வீடு என்றால் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஒயரிங் சோதனை செய்து, குடியிருப்பவர் கையில் அந்த அறிக்கையைக் கொடுக்க வேண்டும். அதே ஐந்து ஆண்டு! இங்கே 1956-லேயே எழுதி வைத்த அதே ஐந்து ஆண்டு.

செலவு யார் தலையில்?

"குடியிருக்கிறவங்க பார்த்துக்கணும்" என்பார் வீட்டுக்காரர். "வீடு அவருது, நான் ஏன் செலவு பண்ணணும்?" என்பார் குடியிருப்பவர். இந்தச் சண்டைக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியலே உண்டு. ஒயரிங் வேலை வீட்டுக்காரருடையது. சுவிட்சு, பிளக் பழுது குடியிருப்பவருடையது. வாடகை ஒப்பந்தம் எழுதுகிறபோது இதையும் ஒரு வரி சேர்த்தால் ரகளை இல்லை.

சோதனை என்பது மலையைப் பெயர்க்கிற வேலையும் அல்ல. மெயினை அணைத்துவிட்டு, மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஒயரின் தோல் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு மெகா ஓம் காட்ட வேண்டும். குறைந்தால் ஒயர் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். சுவிட்சுப் பெட்டிகளைக் கழற்றித் தளர்ந்த திருகுகளை முடுக்குவார்கள். எர்த்தை அளப்பார்கள். ஆர்.சி.டி.யைத் தட்டிப் பார்ப்பார்கள். சின்ன வீட்டுக்கு அரை நாள் போதும்.

ஆனால் செய்கிற ஆள் முக்கியம். டெல்லி உப்ஹார் தியேட்டரை நினைத்தால் போதும். 1997 ஜூன் 13-ந் தேதி காலையில் அங்கே டிரான்ஸ்பார்மர் பழுதானது. ஆள் வந்து ரிப்பேர் செய்துவிட்டுப் போனார்கள். கேபிள் முனையை முறையாக இறுக்கும் கருவி இல்லாமல், தட்டி ஒட்டிய வேலை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. இணைப்பு தளர்ந்து சாயங்காலம் படம் ஓடும்போது தீப்பிடித்தது. புகையில் சிக்கி 59 பேர் செத்தார்கள். கையில் டெஸ்டரும் இன்சுலேஷன் டேப்பும் மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் ஒயரிங்கைச் சோதிக்க முடியாது. மின் உரிம வாரியம் கொடுத்த ஒயர்மேன், சூப்பர்வைசர் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாநகராட்சியும் மின்வாரியமும்

முதலில் ஜனங்கள் கூடுகிற இடங்கள். ஆஸ்பத்திரி, லாட்ஜ், கல்யாண மண்டபம், விடுதி, ஜவுளிக்கடை. ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரியில் கல்யாண வீட்டுப் பந்தலில் வீடியோ விளக்கு ஒயரில் பற்றிய தீ மணமகனையும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இந்த மாதிரி இடங்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வரி ரசீது கேட்கிறார்கள், சுகாதாரச் சான்று கேட்கிறார்கள். 5 ஆண்டுக்குள் எடுத்த ஒயரிங் சோதனை அறிக்கையையும் கேட்க வேண்டியதுதானே? திண்டுக்கல் மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டு, அதை அரசுக்கு அனுப்பி வைக்கலாம். ஆறு உயிரைக் கொடுத்த ஊர் கேட்டால் தட்ட முடியாது.

அறிக்கை வெறும் காகிதமாகிவிடும், காசு கொடுத்தால் ரப்பர் ஸ்டாம்பு விழும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கையெழுத்துப் போடுகிறவரின் லைசென்ஸ் எண் அதில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் முதல் கேள்வி அவரிடம் போக வேண்டும்.

வீடுகள் விஷயத்தில் இன்றைக்கே கட்டாயம் என்று சொன்னால், தினக்கூலிக்காரர் எங்கே போவார்? சின்னாளபட்டி நெசவாளரும், வேடசந்தூர் பக்கத்து மில் தொழிலாளியும் ஒயர் மாற்றப் பணத்துக்கு எங்கே போவார்கள்? இலவசமாக மிக்சி கொடுக்க முடிந்த அரசால், குடிசை வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் ஒரு ஆர்.சி.டி. கொடுக்க முடியும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் பையன்களைத் தெருத்தெருவாக அழைத்துப்போய், லைசென்ஸ் உள்ள சூப்பர்வைசர் முன்னால் சோதிக்க வைக்கலாம். பையன்களுக்குத் தொழில் பழக்கம், தெருவுக்குச் சோதனை.

மின்வாரியத்துக்குச் செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. 2024-ல் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று மாறினாலும் ஜனங்களுக்கு அது இன்னும் "இ.பி."தான். பில் தொகையைச் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். கட்டாவிட்டால் துண்டிப்போம் என்ற எச்சரிக்கையும் தவறாமல் வருகிறது. அதே குறுஞ்செய்தியில், "உங்கள் இணைப்புக்கு வயது 32, ஒயரிங்கைச் சோதித்தீர்களா?" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் கரண்டு கொடுத்தார்கள் என்ற கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கிறது.