சுரியலும் சூட்டிரும்பும்

சுருள்முடியை நேராக்கினாற்றான் மணவறைக்கு இலட்சணம் என்பாரிடம் ஒன்று கேட்போம்: சுரியல், அளகம் என்று சுருண்ட கூந்தலுக்கெனவே சொற்களை வழங்கிவந்த மொழியினர் அன்றோ நாம்? அழகை அவலட்சணமாக்கியவர் யார்? சூட்டிரும்பு மயிரிழையின் ஐதரசன் பிணைப்புக்களைத் தற்காலிகமாகவே குலைக்கும். ஈரம் பட்டதும் அவை மீளப் பிணையும். மட்டக்களப்பு வாவிக் காற்றில் அவ்வலங்காரம் கல்லடிப் பாலத்தைக் கடக்குமுன்னரே சுருண்டுவிடும்! இரசாயனப் பூச்சோ அதனினும் கொடிது. அதனை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் மிகுந்திருக்கக் கண்டது, 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று. சுருளின் வளைவுகளைக் கடந்து தலையின் இயற்கை நெய் நுனிவரை எளிதில் இறங்காது; வறட்சிக்குக் காரணம் அதுவே. குளிக்குமுன் அம்மம்மா தடவும் தேங்காயெண்ணெயும், ஈரத்திலேயே வாருதற்கு அகன்ற பல்லுடைய சீப்பும் போதும். உலர்ந்த சுருளை வலிந்து வாரி முறித்துவிட்டு, 'அடங்காத மயிர்' என்று பெண்பிள்ளையைப் பழிப்பானேன்?