பொருள்வயிற் பிரிவும் பிரித்தானிய விசாவும்

சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள், கார்காலம் தொடங்குமுன் அவன் மீள்வான் என்பது இருவருக்கும் இடையிலான வாக்கு. பொருள்வயிற் பிரிவு என்று நம் மரபு பெயரிட்ட இத்துயருக்கு, நம் காலத்தில் ஓர் அரசாங்க விதி புதிய வடிவம் தந்திருக்கிறது. பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற ஒருவர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மணம் முடித்தால், தம் துணையை அழைத்துக்கொள்ளுமுன் தமது ஆண்டு வருமானம் இவ்வளவு என்று அந்நாட்டு உள்துறைக்கு மெய்ப்பிக்க வேண்டும். அத்தொகை எட்டும்வரை பிரிவுதான்.

இந்த நிபந்தனை 2012 ஜூலை 9 அன்று 18,600 பவுண்டு என்ற அளவில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் புதிய விண்ணப்பங்களுக்கு அது 29,000 பவுண்டு ஆயிற்று. பின்னர் 38,700 வரை உயர்த்தும் திட்டமும் இருந்தது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியபின் அது நிறுத்திவைக்கப்பட்டது.

இந்த எண்ணின் கனத்தை உணர ஒரு சிறு கணக்குப் போதும். 2025 ஏப்ரலில் அங்கே வயதுவந்தோர்க்கான சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரமாக 52 வாரமும் உழைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 25,400 பவுண்டு. அதாவது, பெட்ரோல் நிலையத்திலோ முதியோர் இல்லத்திலோ முழு நேரமும் உழைக்கும் ஒருவர், அரசே நியாயம் என்று நிர்ணயித்த கூலியைப் பெற்றும், அதே அரசின் கண்ணில் இல்லறத்திற்குத் தகுதியற்றவர் ஆகிறார். பகுதிநேர வேலையன்றி வேறு வழியில்லாத, குழந்தையை வைத்துக்கொண்டு தனியே திண்டாடும் பெண்ணின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

வருகிறவர் பொதுப்பணத்திற்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதே இவ்விதியின் ஆதரவாளர்கள் கூறும் காரணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் துணைவர் விசாவில் வருபவருக்கு அரசின் உதவித்தொகைகள் கிடையா என்று விசாவிலேயே தனி நிபந்தனை உண்டு. மருத்துவத்திற்கென ஆண்டுக்கு 1,035 பவுண்டு கூடுதல் கட்டணமும் 2024 பிப்ரவரி முதல் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. வேலைக்குப் போனால் வரியும் செலுத்துகிறார். ஏற்கெனவே பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு எதற்கு என்பதே நம் கேள்வி.

எவை கணக்கில் வாரா என்பது இன்னும் விசித்திரம். கொழும்பில் மருத்துவராகவோ பெங்களூரில் பொறியாளராகவோ இருக்கும் துணையின் அங்குள்ள சம்பளம் முதல் விண்ணப்பத்தில் பொதுவாக எண்ணப்படுவதில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தமையனோ மாமனோ எழுதித் தந்தாலும், மிக விதிவிலக்கான நிலைமைகளில் அன்றி அதற்கு மதிப்பில்லை. சுற்றமே பிணை நின்று நடத்திவைக்கும் நம் திருமணங்களுக்கு இதைவிட அந்நியமான பார்வை இருக்க முடியாது. சேமிப்பைக் காட்டலாம், வருமானமே இல்லாதவர் 88,500 பவுண்டை ஆறு மாதம் வங்கியில் வைத்திருக்க வேண்டும். ஆக, செல்வருக்கு இவ்விதி ஒரு தடையே அன்று.

2017 பிப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இதனை விசாரித்துத் தீர்ப்பளித்தது. வருமான நிபந்தனை கொள்கையளவில் சட்டத்திற்கு முரணன்று என்றது. ஆனால் குழந்தைகளின் நலனை அவ்விதிகள் போதிய அளவு கருதவில்லை என்றும் கண்டது. மேலே கூறிய விதிவிலக்குகள் அதன்பின் வந்தவையே. 2025 ஜூனில், அரசுக்கு ஆலோசனை கூறும் குடிவரவு ஆலோசனைக் குழு, திறன்பெற்ற தொழிலாளருக்கான ஊதிய அளவை வைத்துக் குடும்பத்தை அளப்பதன் காரணம் விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. ஊழியரைத் தேர்வது வேறு, மனைவியோ கணவனோ வந்து சேர்வது வேறு. இந்த எளிய வேறுபாட்டைச் சொல்ல ஒரு குழு தேவைப்பட்டிருக்கிறது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. கனடாவில் வாழ்க்கைத்துணையை அழைப்பதற்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான வரம்பே இல்லை. மூன்றாண்டுகள் துணையின் அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்வேன் என்ற உறுதிமொழியே கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் வறுமைக் கோட்டின் 125 விழுக்காடு பொதுவான அளவு. அது போதாதபோது வேறொருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம். இவ்விரு நாடுகளும் குடிவரவில் தாராளம் காட்டுபவை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அங்கே பிறர் தரும் வாக்குக்கும் பொறுப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது.

எல்லையைக் காக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு; பொய்த் திருமணங்களைக் கண்டுபிடிக்கும் கடமையும் உண்டு. ஆனால் சம்பளச் சீட்டு ஒரு திருமணம் மெய்யா பொய்யா என்பதைச் சொல்வதில்லை; மணந்தவர் ஏழையா இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது. வரம்பு வேண்டுமென்றே கொண்டாலும், அது முழு நேரம் உழைப்பவரின் குறைந்தபட்ச ஊதியத்தைத் தாண்டலாகாது. வரப்போகும் துணையின் உழைப்பும் சுற்றத்தின் பொறுப்பும் அதில் சேர வேண்டும். இல்லையேல், தந்தையைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டு வளரும் பிள்ளைகளே இந்தச் சிக்கனத்தின் விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.