புழு ஒன்று, நோய் இரண்டு

மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆசிரியர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். நாடாப்புழுவைப் பற்றி நான் மொழிபெயர்த்த துண்டறிக்கையை அவர் தம் பள்ளியிலும் ஊர்க்கூட்டத்திலும் படித்துக் காட்டினாராம். அப்பள்ளியில் பயிலும் சிறுமி ஒருத்திக்கு அவ்வப்போது வலிப்பு வந்துகொண்டிருந்தது. அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு கூறியபோது, தந்தையார், "நாங்கள் புலால் உண்ணாதவர்கள். பன்றியிறைச்சி உண்பவர்களுக்கே மூளையில் புழு ஏறும் என்று நீங்கள்தாமே படித்தீர்கள்?" என்று கேட்டு மறுத்துவிட்டார். அதே வாரத்தில், ஊர்க்கோடியில் பன்றி வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் அருகில் உட்கார மற்றப் பிள்ளைகள் மறுத்தனர். "துண்டறிக்கையில் பிழையா, நான் படித்த முறையில் பிழையா?" என்பதே ஆசிரியரின் கேள்வி.

துண்டறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பிழை என்னுடையதே. மூலத்தில் இரு வேறு பெயர்களால் குறிக்கப்பெற்ற இரு நோய்களையும் நான் 'நாடாப்புழு நோய்' என்ற ஒரே தொடரால் எழுதியிருந்தேன். வாசகர்க்கு எளிமையாக இருக்க வேண்டும் என்பதே என் நோக்கம். ஆயின், அந்த எளிமை ஒரு வீட்டாரைப் பொய்யான துணிவிலும், மற்றொரு வீட்டாரைத் தகாத பழியிலும் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆகவே, இவ்விரு நோய்களையும் பிரித்துரைப்பது சொல்லாராய்ச்சி அன்று. சுகாதாரப் பணியின் முதற்படி என்றே கருதுகிறேன்.

முதல் நோய் குடலில் தோன்றுவது. பன்றியின் தசையில் பட்டாணியளவான வெண்ணிறப் பைகளாகப் புழுவின் இளம்பருவம் தங்கியிருக்கும். நன்கு வேகாத அவ்விறைச்சியை உண்பவரின் குடலில் அது வளர்ந்து, சில மீட்டர் நீளமுள்ள நாடாவாகிறது. 1855ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கூக்கென்மைஸ்டர், மரண தண்டனை பெற்ற கைதி ஒருவனுக்கு அவன் அறியாமலே இப்பைகளை உணவிற் கலந்து கொடுத்து, பின்னர் அவன் குடலில் இளம் புழுக்களைக் கண்டார். உண்மையை நிறுவினார் எனினும், அம்முறையை இன்று எவரும் ஒப்பார். குடற்புழுவால் பெருந்துன்பம் ஏதுமில்லை. பலர் தமக்கு அது இருப்பதையே அறியார்.

இரண்டாவது நோய் வேறு வழியில் வருவது. குடற்புழுவின் முதிர்ந்த துண்டங்கள் மலத்துடன் வெளியேறுகின்றன. ஒரு துண்டத்தில் ஏறத்தாழ 50,000 முட்டைகள் இருக்கலாம். அம்மலத்தைத் தின்னும் பன்றியின் உடலிலே முட்டைகள் பைகளாகின்றன. அம்முட்டைகளே கழுவாத கையாலோ, நீராலோ, பச்சைக் காய்கறியாலோ மனிதனின் வாய்க்குள் சென்றால் அவன் உடலிலும் அவ்வாறே பைகள் தோன்றுகின்றன. அவை மூளையில் அமைந்தால் வலிப்பு உண்டாகிறது. இதனைப் 'பைப்புழு நோய்' என்று தனிப்பெயரால் அழைக்கலாம் என்பது என் கருத்து. இந்நோய் மிகுந்த பகுதிகளில் வலிப்பு நோயாளருள் நூற்றுக்கு 30 பேர் இதனால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இங்கே உணரத்தக்கது ஒன்றுண்டு. இறைச்சியை உண்பதால் வருவது குடற்புழு. மனித மலத்திலுள்ள முட்டையை விழுங்குவதால் வருவது பைப்புழு. பின்னதற்குப் புலால் உண்ண வேண்டியதே இல்லை. நியூயார்க் நகரில், சமய விதிப்படி பன்றியிறைச்சியை அறவே விலக்கிய யூதர் நால்வருக்கு மூளையில் பைப்புழு இருந்ததாக 1992ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவ்வீடுகளின் பணியாளர்களைச் சோதித்தபோது, தம்மை அறியாமலே குடற்புழுவைச் சுமந்த ஒருவர் அவர்களிடையே இருந்தது தெரியவந்தது. அவரையும் குற்றவாளி என்று கூறுதல் தகாது. அவரும் சிகிச்சை பெறவேண்டிய நோயாளியே.

நம் நாட்டிலும் இந்நோயை இனங்காண்பது எளிதாக இருக்கவில்லை. வலிப்புற்றோரின் மூளையை ஸ்கேன் செய்கையில் காணப்பட்ட சிறு கட்டிகள் பலவும் காசநோய்க் கட்டிகள் என்றே முன்னர்க் கருதப்பட்டன. அவற்றுட் பல உண்மையில் பைப்புழுவே என்பதை 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எடுத்துக் காட்டினர். அறிந்த மருத்துவரே தடுமாறிய நோயில் சிற்றூர் மக்கள் தடுமாறுவதில் வியப்பென்ன?

"கிராமத்தாருக்கு இத்தனை நுட்பம் எதற்கு? பன்றியிறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாதா?" என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். போதாது. புலால் உண்ணாத வீட்டில் அச்சொல் நுழைவதே இல்லை. பன்றி வளர்ப்போர்க்கோ அது பிழைப்பை விடச் சொல்வதாகும். முட்டைக்கோசு உண்டால் புழு மூளைக்கு ஏறும் என்று நகரங்களிலும் பேசிக்கொள்கின்றனர். முட்டைக்கோசு புழுவை ஈனுவதில்லை; மலம் கலந்த மண்ணும் நீரும் தந்த முட்டையை அது சுமந்துவருகிறது, அவ்வளவே. பன்றியும் நாம் வெளியில் விட்டதைத் தின்று நோயுற்ற பிராணியே. இச்சுழற்சியின் நடுவில் நிற்பது பன்றி. இரு முனையிலும் நிற்பவன் மனிதன்.

இதனைத் தடுக்க இயலாதென்று சோர்வதற்கும் இடமில்லை. பெரு நாட்டின் வடபகுதியில் மனிதர்க்கும் பன்றிகளுக்கும் ஒருங்கே மருந்தளித்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் இட்டனர். முடிவில் 107 ஊர்களுள் 105 ஊர்ப் பன்றிகளிடம் நோயைப் பரப்பவல்ல உயிருள்ள பைகள் காணப்படவில்லை என்று 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர். பன்றிகளுக்கான தடுப்பூசி இன்று நம் ஹைதராபாத்திலேயே தயாராகிறது.

களப்பணியாளர்க்கு ஓர் எச்சரிக்கை. 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் வழங்கப்படும் ஒரு வேளை அல்பெண்டசோல் மாத்திரை, மண்வழிப் பரவும் புழுக்களுக்கென அமைந்தது. அதனால் நாடாப்புழுவும் ஒழிந்ததென்று கொள்ளலாகாது. மூளையில் பைப்புழு உள்ளவர்க்குச் சில புழுமருந்துகள் வலிப்பைத் தூண்டவும் கூடும். ஆதலின், வலிப்பு கண்டவர்க்குத் தாமாக மருந்து கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்புதலே முறை. அவர் வீட்டில் எவரேனும் மலத்தில் வெண்ணிற நாடாத் துண்டங்களைக் கண்டதுண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. "யார் என்ன உண்கிறார்கள்?" என்று வகுப்பில் கேட்க வேண்டாம். கழிப்பிடம் சென்றபின்னும் உண்ணுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல், கழிப்பறையைப் பயன்படுத்தல், பச்சைக் காய்கறிகளை நன்கு கழுவுதல், இறைச்சியை உள்வரை வேகவைத்தல் ஆகியவற்றை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே குரலில் கூறுங்கள்.

அந்த ஆசிரியருக்கு என் பிழையை ஒப்புக்கொண்டு விடை எழுதினேன். அக்கடிதத்தை அவர் சிறுமியின் தந்தையாரிடம் படித்துக் காட்டி, இருவருமாக அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். எல்லா வலிப்பும் புழுவால் வருவதன்று. அவளுக்கு உற்றது யாதென மருத்துவரே கூற வேண்டும். ஊர்க்கூட்டத்தில் திருத்திய பாடத்தைப் படித்தபோது, பன்றி வளர்க்கும் வீட்டாரையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்ததாக அவர் எழுதியிருந்தார். துண்டறிக்கையின் அடுத்த பதிப்பில் இரு நோய்களும் இரு பெயர்களுடன் வெளிவரும்.