ஒட்டகப் பால்மாவும் சட்டித் தயிரும்

கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் வேலை பார்த்து விடுமுறையில் ஏறாவூர் திரும்பும் பிள்ளைகளின் பெட்டிகளில் பேரீச்சம்பழத்தோடு இப்போது ஒட்டகப் பால்மாவும் வருகிறது. "இதைக் குடிச்சா வகுறு பொருமாதாம் உம்மா" என்று கையில் கொடுக்கிறார்கள். மகன் வெயிலில் நின்று உழைத்த காசில் வாங்கியது என்பதால் உம்மாவும் நம்பிக்கையோடு ஆற்றிக் குடிக்கிறா. அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு இதுதான் மருந்தா என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒட்டகப் பாலுக்கு உண்மையான சிறப்புகள் உண்டு. பசுப்பாலில் உள்ள பீட்டா லக்டோகுளோபுலின் என்ற புரதம் தாய்ப்பாலில் இல்லாததுபோல ஒட்டகப் பாலிலும் இல்லை. பசுப்பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் சிலர் ஒட்டகப் பாலைத் தாங்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். விட்டமின் சி பசுப்பாலைவிட அதிகம். வயிற்றுக்குள் ஒட்டகப் பால் இறுகித் திரளாமல் மென்மையாகத் திரளும். இருந்தாலும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் இதை வைக்கவே கூடாது.

ஆனால் நம் உம்மாமார் சொல்லும் தொல்லை பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. பால்தேத்தண்ணி குடித்துக் கொஞ்ச நேரத்தில் வயிறு ஊதும், இரையும், சிலருக்கு வகுத்தால போகும். இதற்குப் பாலில் இருக்கும் லக்டோஸ் என்ற சர்க்கரைதான் காரணம். அதைச் செரிக்கும் லக்டேஸ் நொதி குழந்தைப் பருவம் கடந்ததும் உலகின் பெரும்பாலான மனிதருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. இது நோயல்ல, உடம்பின் இயல்பு. ஒட்டகப் பாலிலும் லக்டோஸ் கிட்டத்தட்ட பசுப்பால் அளவுக்கே, 100 மில்லிலீற்றருக்கு 4 முதல் 5 கிராம் வரை இருக்கிறது. லக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் ஒட்டகப் பாலைத் தாங்கிக்கொண்டதாகச் சிறு ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் ஒரே தடவையில் சுமார் 12 கிராம் லக்டோஸ் வரை, அதாவது ஒரு கப் அளவு எந்தப் பாலையும், அவர்களில் பெரும்பாலோர் அதிகத் தொல்லையின்றித் தாங்குவார்கள்.

அரபிகள் மட்டும் எப்படிக் குவளை குவளையாகக் குடிக்கிறார்கள்? பெரியவர்களான பின்னும் லக்டேஸ் சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம் ஒன்று அரபு மக்களிடம் இருப்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐரோப்பியரிடம் உள்ள மாற்றத்திலிருந்து அது வேறானது. ஒட்டகம் வளர்த்து அதன் பாலில் வாழ்ந்த தலைமுறைகளில் அது பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வாவிக்கரையில் சோறும் மீனும் தின்று வளர்ந்த நம் குடலுக்கு அந்த வரலாறு இல்லை.

ஒட்டகம் வளர்க்கும் மக்களும் பாலைப் புளிக்கவைத்துக் குடிக்கிறார்கள். சூடானில் அதற்குக் காரிஸ் என்று பெயர், கசகஸ்தானில் ஷூபாத். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் லக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. அதே வேலையைத்தான் நம் எருமைத் தயிரும் செய்கிறது. காய்ச்சிய பாலை இளஞ்சூட்டில் சட்டியில் ஊற்றி, பழந்தயிர் கொஞ்சம் விட்டு, துணியால் கட்டி வைத்தால் காலையில் கரண்டி வெட்டிய இடம் அப்படியே நிற்கும். மண்சட்டி நீரை உறிஞ்சுவதும் அந்தக் கட்டிக்கு ஒரு காரணம். ஒட்டகப் பாலில் கப்பா கேசின் என்ற புரதம் மிகக் குறைவு, அதனால் அது இப்படி உறையாது. உயிருள்ள யோகட் நுண்ணுயிர்கள் லக்டோஸைச் செரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் ஏற்றுக்கொண்டது. பால் குடித்தால் பொருமும் என் மாமி, இராச் சோற்றுக்குப் பிறகு தயிர் தின்று நிம்மதியாக உறங்குகிறா.

அரபு நாட்டு மஸ்ராக்களில், அதாவது பண்ணைகளில், ஒட்டகம் மேய்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கறந்த பாலைப் பச்சையாகக் குடிக்காதீர்கள். புரூசெல்லா காய்ச்சல் பச்சைப் பாலால் தொற்றும், மாதக்கணக்கில் மூட்டுவலியோடு படுக்க வைக்கும். 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. அதனால் ஒட்டகப் பாலைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஹதீஸில் ஒட்டகப் பால் பற்றி வருகிறதே என்று கேட்பார்கள். காய்ச்சிக் குடிப்பதால் அந்த மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

தயிரும் ஒத்துக்கொள்ளவில்லை, எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது என்றால் எந்தப் பாலையும் நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சட்டித் தயிர் என்றென்றும் கிடைக்கும் என்று நினைத்துவிடவும் முடியாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக நம் மாவட்டத்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பட்டிகளுக்குப் புல் இல்லாமல் போனால் நாம் திரும்பவும் பால்மா டின்னுக்குத்தான் கை நீட்ட வேண்டியிருக்கும். ஏறாவூர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வணிகர் சங்கங்களும் அந்தப் பண்ணையாளர்களுக்காக வாய் திறந்து பேச வேண்டும்.