துணைக்கோளம் பார்க்கிறது, கிளினிக் எண்ணட்டும்

2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் நாட்டில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200ஐத் தாண்டியதா என்பதுதான் அன்று எல்லாருடைய கேள்வியும். ஆனால் காற்றை அளக்கும் நிலையங்கள் நாடு முழுவதற்கும் 68தான். அருகில் நிலையம் இல்லாத தோட்டப்புறங்கள் பக்கத்து ஊரின் எண்ணை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த இடைவெளியைக் குறைக்கத் துணைக்கோளத் தரவு உதவும் என்பது என் கருத்து. ஜப்பானின் ஹிமாவாரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை நம் வட்டாரத்தைப் படமெடுக்கிறது. நாசாவின் மோடிஸ் கருவி சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தீப்பிடித்த இடங்களைக் காட்டுகிறது. எல்லாம் இலவசம், கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

ஆனால் துணைக்கோளம் காண்பது தரைமுதல் வானம்வரை உள்ள மொத்தத் தூசியை. நம் மூக்கருகே எவ்வளவு என்று அது நேரடியாகச் சொல்லாது. மேகம் மறைத்தால் அந்தக் கணக்கும் கிடைக்காது. நம் நாட்டில் மேகத்துக்கா பஞ்சம்! அதனால் தரையில் எடுத்த அளவும் வேண்டும். அதைவிட அவசியம், கிளினிக் கணக்கு. எந்த வாரம், எந்த மாவட்டத்தில், எத்தனை பேர் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்றார்கள்? நோயாளிகளின் பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சுகாதார இலாகா வாராவாரம் வெளியிட்டால் போதும்.

பள்ளி அறிவியல் விழாக்களில் எரிமலை மாதிரிகளைப் பார்த்துச் சலித்துவிட்டது. புகைப் படத்தையும் இருமல் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிட ஐந்தாம் படிவ மாணவர்களால் முடியும். அடுத்த வறட்சிக் காலத்துக்குள் அந்த எண்களை அவர்களிடம் கொடுங்கள்.