ஆயாவுக்குத் தேர்வில்லை, ஆசிரியைக்கு எட்டு

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்ணிடம் யாரும் ஆங்கிலத் தேர்வு வைப்பதில்லை. அங்கே அவள் காலையில் எழுப்பி, பல் விளக்கிவிட்டு, ஊட்டி, தாலாட்டித் தூங்கவைப்பது மூன்று வயதுப் பிள்ளையைத்தான். அதே வயதுப் பிள்ளையை ஆஸ்திரேலியாவில் 'ஆசிரியை' என்ற பெயரோடும் அதற்குரிய சம்பளத்தோடும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால், கேட்பதிலும் பேசுவதிலும் 8, வாசிப்பதிலும் எழுதுவதிலும் 7 எடுத்தாக வேண்டும். அந்நாட்டில் ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் நிறுவனம் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் வைத்திருக்கும் அளவு இது. அந்தத் தேர்வின் உச்சமே 9தான். நியூசிலாந்தின் ஆசிரியர் கவுன்சில் நான்கிலும் 7 கேட்கிறது.

தேர்வே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் அது ஆசிரியைக்குப் புரிய வேண்டும். தாயிடம் அதைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை. எங்கள் கேள்வி வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர்களுக்கு ஏஐடிஎஸ்எல் இந்தத் தேர்விலிருந்து விலக்குத் தருகிறது. எல்கேஜி முதல் பி.எட். வரை இந்தியாவில் ஆங்கில வழியில் படித்தவளுக்கு விலக்கு இல்லை. அப்படியானால் அளக்கப்படுவது மொழி மட்டும்தானா, படித்த இடமுமா?

ஆஸ்திரேலியாவுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேண்டாத ஆளுக்கு ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் பல மொழி தெரிந்தவராக வந்து நின்றபோது, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அந்தச் சொல்வதெழுதுதல் 1958 வரை இருந்தது. இன்றைய தேர்வு அதுவல்ல. கேள்வி முன்கூட்டியே தெரிந்த வடிவத்தில் வருகிறது, திருத்துவதற்கு விதி இருக்கிறது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும் கை அன்றும் அவர்களுடையது, இன்றும் அவர்களுடையது. தேவை வந்தால் அந்தக் கோடு நகரும். பிரிட்டனில் செவிலியர் பற்றாக்குறை கழுத்தை நெரித்தபோது, 2018 டிசம்பரில் எழுத்துத் தேர்வுக்கான மதிப்பெண்ணை 7இலிருந்து 6.5க்கு இறக்கினார்கள். நோயாளிகளுக்கு ஆபத்து என்று அதுவரை பேசியவர்கள் அதற்குப் பிறகு என்ன சொன்னார்களோ!

வெளிநாட்டு வேலை என்பது நமக்கு ஆடம்பரம் அல்ல. நம் ஓட்டப்பிடாரம் பகுதியின் கொடியங்குளத்தை நினைத்துப் பாருங்கள். வளைகுடாவில் உழைத்த காசில் நிமிர்ந்த ஊர் அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் ஊருக்குள் புகுந்து வீட்டுப் பொருட்களை நொறுக்கியபோது, பாஸ்போர்ட்டுகளையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும்கூட விட்டுவைக்கவில்லை. டிவி பெட்டியை உடைத்தது பொறாமை என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டை ஏன் அழிக்க வேண்டும்? அடித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆண்டையின் காட்டை விட்டு வெளியேறும் வழி அந்தச் சிறு புத்தகத்தில் இருக்கிறது என்று.

இன்று அந்த வழியில் நிற்பது லத்தி அல்ல, மதிப்பெண். பேச்சில் 8 வாங்குகிறவள் யார்? வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் புழங்கியவள், கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் பேசிப் பழகியவள். ஆதிதிராவிடர் நலப்பள்ளியில் படித்து, கரிசல் காட்டில் மிளகாய் பறித்த கையோடு கல்லூரிக்குப் போனவள் இலக்கணத்தில் தோற்க மாட்டாள். வாசிப்பில் 7 எடுத்தும் விடுவாள். எதிரே இருப்பவர் முன் தடுமாறாமல் பதினைந்து நிமிடம் பேசுவதற்கு, சிறு வயதிலிருந்து யாராவது அவளைப் பேசவிட்டிருக்க வேண்டும். வகுப்பறையிலும் தெருவிலும் 'வாயை மூடு' என்று வளர்க்கப்பட்டவளுக்கு அது பரம்பரைச் சொத்தாக வருவதில்லை.

காசுக் கணக்கும் உண்டு. ஒரு முறை தேர்வெழுத 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நம் ஊரில் இதே பிள்ளைகளைப் பார்க்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் சேர்த்துத் தருவதைத் தனியே வையுங்கள். நாலு மாத மதிப்பூதியம் ஒரு காலை நேரத் தேர்வில் போய்விடும். அரை மதிப்பெண் குறைந்தால் மறுபடி கட்ட வேண்டும். மதிப்பெண் செல்லுபடியாவது பொதுவாக இரண்டு ஆண்டுதான். இந்தியாவில் இந்தத் தேர்வை நடத்திவந்த பிரிட்டிஷ் கவுன்சிலின் வியாபாரத்தை ஐடிபி நிறுவனம் 2021இல் 130 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. தோற்றவர்கள் கட்டிய காசும் சேர்ந்த கடைதானே அது.

இதைவிட மோசமானது ஏஜென்ட் செய்யும் வேலை. ஒரு வருட மாண்டிசோரி டிப்ளமோ வைத்திருக்கும் பெண்ணை முதலில் கோச்சிங்கில் சேர்த்துவிடுவார். அவள் நகையை அடகு வைத்துப் படித்து, மதிப்பெண்ணும் வாங்கிய பிறகுதான் தெரியவரும்: ஏஐடிஎஸ்எல் கணக்கில் குறைந்தது நான்கு ஆண்டு உயர்கல்வி வேண்டும், அதில் ஒரு ஆண்டாவது ஆசிரியப் பயிற்சியாக இருக்க வேண்டும். இங்கிலாந்து 2023இல் இந்திய ஆசிரியர்களுக்குக் கதவைத் திறந்தது என்று விளம்பரம் செய்வார்கள். திறந்தது கணிதம், அறிவியல், மொழி நடத்துவோருக்கு, அதுவும் 11 முதல் 16 வயது மாணவர்களுக்குப் பாடம் எடுப்போருக்கு. மழலையர் ஆசிரியைக்கு அந்தக் கதவில் இடமில்லை. எனவே நம் பெண்களுக்குச் சொல்கிறோம்: படிப்பு செல்லுமா என்று முதலில் பாருங்கள், தேர்வுக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு. ஏஜென்ட்டின் உரிம எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். 1978 முதல் தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் கேளுங்கள்.

அரசிடம் கேட்பதும் இருக்கிறது. தாட்கோ ஐஇஎல்டிஎஸ் பயிற்சி தருகிறது, நல்லது. அதை மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கானது என்று சுருக்காமல், ஆசிரியைகளுக்கும் செவிலியர்களுக்கும் தனி வகுப்பாக, ஓட்டப்பிடாரம் போன்ற தனித்தொகுதிகளின் தலைமையிடத்திலேயே நடத்த வேண்டும். வேலைக்குப் போய்வந்து படிக்கிறவர்களுக்காக மாலையில் நடத்த வேண்டும். பாதி நேரம் பேச்சுப் பயிற்சிக்கே போக வேண்டும். தேர்வுக் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும், இரண்டாம் முறைக்கும் சேர்த்து.